“எங்கட பிரிவு அப்படி” என்ற சாட்டு

தோற்ற அணியின் இரசிகர்களிடம் ஒரு சாட்டு எப்பவும் கைவசம் இருக்கும்: “எங்கட பிரிவு அப்படி.” கிரிக்கெட்டில் குரூப் கஷ்டம் என்று சொல்லுவோமே, அதே கதைதான். அமெரிக்க பேஸ்போலில் இந்தக் கதைக்கு இரண்டு முகம். கிழக்குப் பிரிவில் தோற்றவர்கள், பிரிவு பலமானது, அதால்தான் தோற்றோம் என்பார்கள். மத்திய பிரிவில் வென்றவர்களைப் பார்த்து மற்றவர்கள், பிரிவு பலவீனமானது, அதால்தான் வென்றீர்கள் என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் 2024 இல் மினசோட்டா ட்வின்ஸ் அணிக்கு நடந்ததைப் பற்றிக் கதைக்கேக்க இதே சாட்டை எடுத்து வைக்கிற ஆக்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. அந்த அணியைப் பிரிவு விழுத்தவில்லை. அதை விழுத்தினது அதன் முதலாளிமாரின் கணக்குப் புத்தகம்.

பேஸ்போல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லே விளையாடின ஆக்களுக்கு இது விளங்க ஐந்து நிமிசம் போதும். மேஜர் லீக்கில் 30 அணிகள். இரண்டு லீக், ஒவ்வொரு லீக்கிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என்று மூன்று பிரிவு, பிரிவுக்கு ஐந்து அணி. ஒரு அணிக்கு ஒரு சீசனில் 162 மட்ச். 2022 வரைக்கும் தன் பிரிவில் உள்ள ஒவ்வொரு அணியோடும் 19 தடவை மோத வேண்டும். 2023 இலிருந்து அது 13 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஆறு அணிகள் பிளேஓஃப் போகும். மூன்று பிரிவுகளையும் வென்றவை மூன்று, மிச்ச அணிகளில் கூடிய வெற்றி உள்ளவை மூன்று. ஆக, எந்தப் பிரிவில் பிறந்தாய் என்பது உன் தலையெழுத்தைக் கொஞ்சம் மாற்றத்தான் செய்யும்.

எவ்வளவு மாற்றும்? 2023 ஐப் பாருங்கோ. பொஸ்டன் ரெட் சொக்ஸ் 78 வெற்றி, 84 தோல்வி. டெட்ரோயிட் டைகர்ஸும் அதே 78, அதே 84. பொஸ்டன் கிழக்கில் கடைசி. டெட்ரோயிட் மத்தியில் இரண்டாமிடம்!

பிரிவுகளை ஒப்பிடுகிற பலர் ஐந்து அணிகளின் வெற்றிகளையும் சும்மா கூட்டிவிட்டு முடிவு சொல்லுவார்கள். அது பிழையில்லை, ஆனால் மங்கலானது. ஒரு பிரிவுக்குள் நடக்கிற மட்ச் ஒவ்வொன்றும் அந்தப் பிரிவுக்கு ஒரு வெற்றியையும் ஒரு தோல்வியையும் தருகிறது. ஐந்து அணிகள், பத்துச் சோடிகள், சோடிக்கு 13 மட்ச்: மொத்தம் 130. எவ்வளவு திறமான பிரிவென்றாலும் உள்ளுக்குள் 130 வெற்றி, 130 தோல்விதான். அதைக் கழித்துப் பார்த்தால்தான் வெளியாருக்கு எதிராக அந்தப் பிரிவு என்ன செய்தது என்று தெரியும். அமெரிக்கன் லீக்கில் 2023 இல் கிழக்கு வெளியாரிடம் 319 வென்று 231 தோற்றது. மத்தி 228 வென்று 322 தோற்றது. இதைவிட வெளிப்படையாக ஒரு பிரிவு பலவீனம் என்று காட்ட ஏலாது. அந்தப் பிரிவைத்தான் ட்வின்ஸ் 87 வெற்றியோடு வென்றது. கிழக்கில் 89 வெற்றி எடுத்த டொரொண்டோவுக்குக் கிடைத்தது மூன்றாமிடம்.

ஆனால் அதே டொரொண்டோ பிளேஓஃபில் மினியாபொலிஸுக்கு வந்து இரண்டு மட்சிலும் ட்வின்ஸிடம் தோற்றுத் திரும்பியது. 2004 இலிருந்து தொடர்ந்து 18 பிளேஓஃப் மட்ச் தோற்ற அணி அது. 2002 க்குப் பிறகு அது வென்ற முதல் பிளேஓஃப் தொடரும் அதுதான். அடுத்த சுற்றில் ஹியூஸ்டனிடம் தோற்றார்கள், பரவாயில்லை. ஒரு நகரத்துக்கு இருபது வருசத்துக்குப் பிறகு நம்பிக்கை வந்திருந்தது.

அந்த நம்பிக்கைக்கு முதலாளிமார் கொடுத்த பரிசு என்ன? வீரர்களின் சம்பளப் பட்டியலில் சுமார் 30 மில்லியன் டொலர் வெட்டு. அந்த வருசம் சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த பிட்சர் சொனி கிரே, மூன்று வருசம் 75 மில்லியனுக்கு சென்ற் லூயிஸ் போனார். கென்ரா மயேடா டெட்ரோயிட் போனார். ஹோர்ஹே பொலாங்கோவை சியாட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டால் தொலைக்காட்சி ஒப்பந்தம் என்றார்கள். மட்ச்களை ஒளிபரப்பிய டைமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் வங்குரோத்து மனு போட்டது உண்மைதான்.

இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிறது. அதே டைமண்டின் சனல்களில்தான் கன்சாஸ் சிட்டி றோயல்ஸும் இருந்தது. கிளீவ்லண்டும் இருந்தது, டெட்ரோயிட்டும் இருந்தது. கன்சாஸ் சிட்டி மினியாபொலிஸைவிடச் சின்னச் சந்தை. 2023 இல் 106 மட்ச் தோற்ற அணி. அந்த அணி என்ன செய்தது? புது வீரர்களுக்கு 100 மில்லியனுக்கு மேல் கொட்டியது. இளம் நட்சத்திரம் பொபி விற் ஜூனியருக்குப் பதினொரு வருச ஒப்பந்தம் கொடுத்தது, 288 மில்லியனுக்கு மேல். வாங்கின ஆக்களில் ஒருவர் செத் லூகோ. 2024 இல் 206 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து சை யங் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். ஒருவன் இரண்டாமிடக்காரனை விட்டான், மற்றவன் அடுத்த இரண்டாமிடக்காரனை வாங்கினான். ஒரே பிரிவு, ஒரே வங்குரோத்து!

2024 இன் முடிவு தெரிந்ததுதான். கிளீவ்லண்ட் 92, கன்சாஸ் சிட்டி 86, டெட்ரோயிட் 86, மினசோட்டா 82, சிக்காகோ வைட் சொக்ஸ் 41. மூன்று அணிகள் பிளேஓஃப் போக, ட்வின்ஸ் நாலு வெற்றி குறைவாக வெளியே நின்றது. உடனே சாட்டு தலைகீழாய்ப் புரண்டது. முதல் வருசம் “பலவீனமான பிரிவில் வென்றவர்கள்” என்று கேட்டு எரிச்சல்பட்டவர்கள் இப்ப “பிரிவு திடீரெண்டு பலமாகிட்டுது” என்று தொடங்கினார்கள். வைட் சொக்ஸை விட்டுவிட்டு மற்ற நாலு அணியின் சராசரி பார்த்தால் 86.5 வெற்றி, கிழக்கின் சராசரி 84 என்று கணக்கும் காட்டினார்கள்.

கணக்கு சரி, வாதம் பிழை. அந்த நாலு அணியும் தலா 13 தடவை மோதினது 121 தோல்வியோடு நவீன காலச் சாதனை படைத்த அணியோடு. அதில் ட்வின்ஸ் எடுத்தது 12 வெற்றி, ஒரு தோல்வி. அதைக் கழித்தால் மற்ற எல்லாரோடும் 70 வெற்றி, 79 தோல்வி. றோயல்ஸும் அதே 12க்கு 1. அவர்கள் மற்றவர்களோடு 74, 75. ஆக இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே இனாம். வெளியாரோடு கணக்குப் பார்த்தாலும் 2024 இல் மத்தி 257 வென்று 292 தோற்றது. கிழக்கு 290 வென்று 260 தோற்றது. முந்தின வருசத்தைவிடத் திறம், அவ்வளவுதான். ட்வின்ஸை விழுத்துகிற அளவுக்கு ஒரு அரக்கப் பிரிவு எங்கேயும் முளைக்கவில்லை.

அவர்கள் விழுந்த விதத்தையும் பாருங்கோ. ஓகஸ்ட் 17 இல் 70 வெற்றி, 53 தோல்வி. பிளேஓஃப் உறுதி என்றே எல்லாரும் நினைத்தார்கள். மிச்ச 39 மட்சில் 12 வெற்றி, 27 தோல்வி. கார்லோஸ் கொரேயா, பைரன் பக்ஸ்டன், பிட்சர் ஜோ ராயன் மூன்று பேரும் காயம். அதிலே துரதிர்ஷ்டம் இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் காயம் வரும் என்று தெரிந்துதான் 162 மட்சுக்கு ஆள் சேர்க்கிறது. ஜூலை இறுதியில், வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளில், முன்னணியில் நின்ற இந்த அணி கொண்டுவந்தது ஒரேயொரு ரிலீவ் பிட்சர், ட்ரெவர் ரிச்சர்ட்ஸ். சீசன் முடியும் முன்னரே அவரையும் அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

எங்களோடு வாதாடுகிறவர்கள் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். கிளீவ்லண்ட் ட்வின்ஸைவிடக் குறைவாகத்தானே செலவழிக்கிறது, 92 எடுக்கவில்லையா? டெட்ரோயிட் அதே ஜூலையில் ஜாக் ஃபிளாஹர்ட்டியை விற்றுவிட்டும் கடைசி 44 மட்சில் 31 வெல்லவில்லையா? காசுதான் வெற்றி என்று நாங்கள் சொல்லவில்லை. கிளீவ்லண்ட் சிக்கனத்தையே ஒரு திட்டமாக வைத்து அதற்கேற்ற அணியைக் கட்டுகிறது. எமானுவல் கிளாசேயைச் சுற்றி அவர்கள் கட்டின ரிலீவ் பிட்சிங் அந்த வருசம் எல்லாருக்கும் தலையிடி. டெட்ரோயிட் விற்றது தோற்றுக்கொண்டிருந்தபோது. தாரிக் ஸ்கூபல் என்ற பிட்சரை மட்டும் அவர்கள் விற்கவில்லை. ட்வின்ஸ் செய்தது வேறு. கொரேயாவுக்கு 200 மில்லியன், பக்ஸ்டனுக்கு 100 மில்லியன் என்று இரண்டு பெரிய தூண் எழுப்பினார்கள். பிறகு, வென்ற அடுத்த மாதமே, கூரை போடக் காசில்லை என்றார்கள். தூண் இரண்டும் சரிந்தபோது உள்ளே இருந்தவர்கள் நனைந்தார்கள். சிக்கனக்காரனின் அணியுமில்லை, செலவாளியின் அணியுமில்லை.

எங்கட சந்தேகம் இதுதான். பலவீனமான பிரிவு இரசிகருக்கு அதிர்ஷ்டமாகத் தெரிகிறது. முதலாளிக்கு அது தள்ளுபடி விலை. 87 வெற்றியில் கொடி ஏற்ற முடியுமென்றால் 95 க்கு ஏன் செலவழிக்க வேண்டும்? கொஞ்சம் வெட்டினாலும் 85 வரும், அது போதும். மற்றவர்களும் படுத்தே கிடப்பார்கள் என்று நம்பினால் இந்தக் கணக்கு அழகானது. றோயல்ஸ் எழும்பினவுடன் கணக்குக் கிழிந்தது. பிரிவைப் பற்றி இரவிரவாக வாதாடுகிற இரசிகர், தன்னை அறியாமலே, அந்த முதலாளிக்குச் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளையாகிறார்.

அந்த அணி முதலாளியின் தனிச் சொத்துத்தானே என்று சொல்லவும் விட மாட்டோம். 2010 இல் திறந்த டார்கெட் ஃபீல்ட் மைதானத்துக்கு ஹெனபின் மாவட்ட மக்கள் 0.15 வீத விற்பனை வரி கட்டினார்கள். 2006 இல் அந்த வரிக்கு மக்கள் வாக்கெடுப்புத் தேவையில்லை என்று மாநில சட்டமன்றமே விலக்குக் கொடுத்தது. அதற்கும் முன்னர், 2001 இல், மேஜர் லீக் இரண்டு அணிகளைக் கலைக்க முடிவெடுத்தபோது ட்வின்ஸின் பெயர் அதில் அடிபட்டது. அணியை உயிரோடு வைத்தது அதே மாவட்டத்து நீதிபதி ஒருவரின் தடை உத்தரவு. அடுத்த வருசம் அந்த அணி பிரிவை வென்றது. நீதிமன்றத்தாலும் வரிக்காசாலும் காப்பாற்றப்பட்ட அணிக்கு, சனங்களிடம் கணக்குக் காட்டுகிற கடமை இல்லையா?

2024 இன் கடைசி நாட்களில் மைதானத்தில் இருந்தவர்களுக்கு இது விளங்கியிருந்தது. அணியை வில்லுங்கோ என்றுதான் கத்தினார்கள். பிரிவைப் பற்றி ஒருவரும் கத்தவில்லை. அந்த ஒக்டோபரில் போலாட் குடும்பம் விற்பதைப் பற்றி யோசிப்பதாக அறிவித்தது. 2025 ஜூலை இறுதியில் கொரேயா உட்படப் பத்துப் பேர் அளவில் சில நாட்களுக்குள் வேறு அணிகளுக்குக் கைமாறினார்கள். இரண்டு வாரம் கழித்து, அணியை விற்கவில்லை, சிறு பங்காளிகளைச் சேர்க்கிறோம் என்று அறிவிப்பு வந்தது.

அந்த சீசனில் மத்திய பிரிவை வெல்லக் கிளீவ்லண்டுக்கு 88 வெற்றி போதுமாக இருந்தது. ட்வின்ஸ் எடுத்தது 70.