மறுநிறுவல் தீர்வாகாது

புதிதாக நிறுவிய தரவுத்தள சர்வருடன் இணைய முடியாவிட்டால், அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதே விரைவான வழி என்ற கருத்து பரவலாக உள்ளது. உபுண்டு, டெபியன் கணினிகளில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் நிறுவுவோருக்கும் இந்த அறிவுரையே பெரும்பாலும் கிடைக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. நான்கும் ஆய்வில் நிலைப்பதில்லை.

1. ‘இணைப்பு கிடைக்கவில்லை என்றால் நிறுவல் பழுது.’

பிழைச்செய்தியைப் படித்தாலே இது தவறு என்று தெரியும். ‘பாஸ்வேர்ட் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று பதில் அனுப்புவது சர்வரேதான். பதில் வருகிறது என்றால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால், பெரும்பாலும் கணினியை எட்ட முடிந்தது, ஆனால் கேட்ட போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்று பொருள். நெடுநேரம் பதிலே இல்லாமல் ‘டைம்டு அவுட்’ என்று முடிந்தால், வழியில் உள்ள ஃபயர்வாலை முதலில் சந்தேகிக்க வேண்டும். மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

2. ‘கடவுச்சொல் சரியாகப் பதிவாகவில்லை.’

இந்த இயங்குதளங்களில் நிறுவலின்போது கடவுச்சொல் கேட்கப்படுவதே இல்லை. அதே கணினியிலிருந்து சாக்கெட் வழியாக வருபவரை சர்வர் ‘பியர்’ முறையில் சோதிக்கிறது: இயங்குதளப் பயனர்பெயரும் தரவுத்தளப் பயனர்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே ‘பியர் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு’ என்ற செய்திக்கும் கடவுச்சொல்லுக்கும் தொடர்பில்லை. ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற இயங்குதளப் பயனராக நுழைந்தால் கதவு திறக்கும். பிறகு தேவையான பயனரை உருவாக்கிக் கடவுச்சொல் கொடுத்தால், லோக்கல்ஹோஸ்ட் முகவரி வழியாக அவர் இணையலாம்.

3. ‘மறுநிறுவல் எல்லாவற்றையும் புதிதாக்கும்.’

சாதாரணமாக நீக்கும்போது நிரல்தான் போகிறது. அமைப்புக் கோப்புகளும் தரவும் வட்டிலேயே தங்கிவிடுகின்றன. முற்றிலும் துடைத்து நிறுவினாலும் திரும்பி வருவது அதே இயல்பு அமைப்புகள். சர்வர் எந்த முகவரிகளில் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் லிசன்_அட்ரஸஸ் மறுபடியும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருக்கும். எனவே வேறு கணினியிலிருந்து வரும் அழைப்பு முன்போலவே நிராகரிக்கப்படும். பழைய பதிப்பு ஒன்று 5432 போர்ட்டைப் பிடித்திருந்தால், புதியது மறுபடியும் 5433-க்கே செல்லும். தடுப்பது இயல்பு அமைப்பாக இருக்கும்போது, அதையே திரும்பக் கொண்டுவருவது பயன் தராது.

வேறு கணினியிலிருந்து இணையத் தேவைப்படுவது இரண்டு மாற்றங்கள். லிசன்_அட்ரஸஸில் உரிய முகவரியைச் சேர்த்து சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். யார் எப்படி இணையலாம் என்ற விதிகள் உள்ள பிஜி_எச்பிஏ கோப்பில் அழைக்கும் கணினிக்கு ஒரு வரி எழுத வேண்டும். இதற்கு ரீலோட் போதும். அந்தக் கோப்பு மேலிருந்து கீழாக வாசிக்கப்படுகிறது. முதலில் பொருந்தும் வரியே முடிவு. அதில் தோற்றால் அடுத்த வரி பார்க்கப்படாது. இந்தச் சிக்கலிலிருந்து தப்ப எல்லா வரிகளையும் ‘டிரஸ்ட்’ என்று மாற்றுவது, கடவுச்சொல் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதாகும்.

4. ‘புதிய சர்வரில் இழக்க எதுவுமில்லை.’

இழப்பு உண்டு. /var/log/postgresql அடைவிலுள்ள பதிவுக் கோப்பு, இணைப்பு ஏன் மறுக்கப்பட்டது என்பதைப் பயனருக்கு வரும் செய்தியைவிட விரிவாகச் சொல்கிறது. முழுத் துடைப்பில் அந்தச் சான்றும் அழியக்கூடும். அதே கணினியில் வேறு எவருடைய தரவாவது இருந்தால் அதுவும் ஆபத்துக்குள்ளாகும்.

நிரல் கோப்புகளே சிதைந்திருந்தால் மறுநிறுவல் பொருந்தும். சர்வர் ஓடுகிறதா, எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில், எந்த விதியின்படி மறுக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தபின்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.