கேமரா யார் கையில?

குரூப் ப்ராஜெக்ட் எப்படி இருக்கும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செமஸ்டர் முழுக்க முகம் கொடுத்துப் பேசாத ரெண்டு பேர்கூட, டெமோ ஓடணும்னா பேசித்தான் ஆகணும். இதே லாஜிக்கை வெச்சு இஸ்ரேலில் சிலர் ஒரு முயற்சி செய்றாங்க. யூத, அரபு டீனேஜ் பசங்களை ஒரே டீமில் போட்டு, சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வைக்கிறாங்க. "ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுத்தா சண்டை தீர்ந்துடுமா?"ன்னு கேட்பீங்க. தீராது. ஆனாலும் இது செய்ய வேண்டிய வேலை, அதுவும் ஒரு நிபந்தனையோட என்பதுதான் என் கருத்து.

இஸ்ரேல் குடிமக்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் அரபு. ஆனா பெரும்பாலான யூதப் பிள்ளைகள் ஹீப்ரு பள்ளிக்கும், அரபுப் பிள்ளைகள் அரபிப் பள்ளிக்கும் போறாங்க. ரெண்டும் சேர்ந்து படிக்கிற இருமொழிப் பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 18 வயசானதும் யூத இளைஞர்களில் பெரும்பாலோர் கட்டாய ராணுவ சேவைக்குப் போவாங்க. அரபு இளைஞர்களில் பெரும்பாலோர் போக மாட்டாங்க. அப்போ சந்திக்கணும்னா அதுக்கு முன்னாடியே சந்திக்கணும்.

சும்மா உட்கார வெச்சுப் பேச விட்டா போதாதா? 1948-ஐ எடுத்துக்கோங்க. ஒருத்தருக்கு அது சுதந்திரம் கிடைத்த வருஷம். இன்னொருத்தருக்கு 'நக்பா', அதாவது பேரழிவு. இதைப் பத்திப் பேசச் சொன்னா, ரெண்டு பேரும் வீட்டில் கேட்டதை ஒப்பிச்சுட்டுக் கிளம்பிடலாம். சினிமாவில் அப்படித் தப்பிக்க முடியாது. ராத்திரி ஒரு வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டுற சீன்னு வையுங்க. கேமரா வீட்டுக்குள்ளே இருக்கணுமா, வெளியே நிற்கணுமா? யாரோட முகத்துக்கு க்ளோசப்? ஏதாவது ஒரு முடிவு எடுத்தே ஆகணும், ஏன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து இருக்கிறது ஒரே படம்.

1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வெறும் சந்திப்பு வெறுப்பைக் குறைக்காதுன்னு எழுதினார். சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டுழைப்பு, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு, இந்த நாலும் வேணும் என்றார். பொது இலக்கும் கூட்டுழைப்பும் படம் எடுக்கும்போது தானா வந்துடும். சம அந்தஸ்து தானா வராது. என் நிபந்தனை அங்கேதான். அரபுப் பசங்களுக்கு ஹீப்ரு ஓரளவு தெரியும். யூதப் பசங்களில் அரபி சரளமா பேசுறவங்க குறைவு. 2018-இல் வந்த ஒரு சட்டம் அரபியின் ஆட்சிமொழி அந்தஸ்தையும் எடுத்துடுச்சு. அதனால ஸ்கிரிப்ட் டிஸ்கஷன் முழுக்க ஹீப்ருவில் நடந்தா, டீமில் ஒருத்தர் டைரக்டர், இன்னொருத்தர் விருந்தாளி.

சமமா செய்தா என்ன வரும்? 2009-இல் வந்த 'அஜாமி' படத்தைப் பாருங்க. ஸ்கந்தர் கோப்தி அரபு, யாரோன் ஷானி யூதர். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதி, இயக்கி, எடிட் செஞ்ச படம். யாஃபா நகரத்தின் அஜாமி பகுதியில், தொழில்முறை நடிகர் அல்லாதவங்களை வெச்சு எடுத்தாங்க. ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. விழா சமயத்தில் கோப்தி, தான் இஸ்ரேலைப் பிரதிநிதித்துவம் செய்யலைன்னு வெளிப்படையா சொன்னார். பெரிய சர்ச்சை. சேர்ந்து படம் எடுத்ததால அவர் தன் கருத்தை விட்டுக் கொடுக்கலை. கருத்தை விடாததால படமும் நிற்கலை. இன்னொரு விஷயம், கோப்தி படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மெக் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

"இதெல்லாம் கண்துடைப்பு, அநியாயத்தை மறைக்கிற மேக்கப்" என்ற விமர்சனமும் இருக்கு. அதில் நியாயம் இருக்கு. 2025-இல் ஆஸ்கர் வாங்கிய 'நோ அதர் லேண்ட்' ஆவணப்படத்தில், மேற்குக் கரையைச் சேர்ந்த பாசெல் அத்ராவும் இஸ்ரேலியரான யுவால் ஆபிரகாமும் நண்பர்கள். ஆனா யுவால் நினைச்சப்போ காரில் வந்து போக முடியும், பாசெலால முடியாது. நட்பு செக்போஸ்ட்டைத் திறக்கலை. படம் அதை மறைக்கவும் இல்லை, அதனாலதான் நம்ப முடியுது.

ஆகவே, கடைசி ஷாட்டில் எல்லாரும் கை கோத்துச் சிரிக்கிற படம் வந்தா எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒரு தரப்புக்கு உறுத்துற சீன் ஒண்ணு, ரெண்டு தரப்பும் சம்மதிச்சு ஃபைனல் கட்டில் இருக்கா? இருந்தா அந்தப் பட்டறை ஜெயிச்சுடுச்சு.

இந்த வீக்கெண்ட் 'அஜாமி' பாருங்க. யார், யாரிடம், எந்த மொழியில் பேசுறாங்கன்னு மட்டும் கவனிங்க. அப்புறம் வந்து என்கிட்ட சண்டை போடுங்க.