கொரியத் தொடர் பார்த்தால் உருப்படாதா?

திருவொற்றியூரில் செல்போனும் கையுமாகக் கொரியத் தொடர் பார்க்கும் பிள்ளையை 'உருப்படாது' என்று திட்டுகிறோம். தோழர்களே, அதை நிறுத்துவோம்.

'அம்மா', 'அப்பா' கொரியத்திலும் ஏறக்குறைய அதே ஒலிதான். தினமும் கேட்கும் காதுக்கு மொழி பழகிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கொரியக் கம்பெனிகளில் மொழி தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

தொடர் மட்டும் போதாது என்பதும் உண்மை. கொரியத்தில் மேலதிகாரியிடம் பேசும்போது வினைமுற்றே மாறும். தொடரில் நண்பர்கள் பேசுவதை நேர்காணலில் பேசினால் மரியாதைக்குறைவு. எழுத்தும் தேர்வும் வகுப்பில்தான் கைவரும்.

அந்த வகுப்பு எங்கே? கொரியம் கற்பிக்கும் இன்கோ மையம் ராஜா அண்ணாமலைபுரத்தில். ஹூண்டாய் கார்கள் கப்பலேறியதோ ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்தில். தூசியும் லாரி நெரிசலும் நமக்கு, மொழி மட்டும் அவர்களுக்கா?

பள்ளியில் அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். இன்று தூரமும் கட்டணமும் அந்த மறுப்பைச் செய்கின்றன. நம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தாட்கோ, எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இலவச மாலைநேரக் கொரிய வகுப்பு தொடங்க வேண்டும். பாதிப் பாடத்தைப் பிள்ளைகள் காதால் படித்துவிட்டார்கள். மீதியைக் கேட்கிறோம்.