உளி பிடிக்கவும் நம் பெண்களுக்குக் கை இருக்கிறது



2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். நாம் கைதட்டினோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினோம்: இந்த வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் யார் செய்வது? வீட்டுக்கு இரண்டு கதவு என்று வைத்தாலும் 20,000 கதவுகள். அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது? லயத்துக் கதவு ஒன்று கழன்றால்கூட டவுனிலிருந்து பாஸைக் கூட்டிவந்து காசு கொடுப்பவர்கள்தானே நாம்!

சாதாரண தரம் முடித்த ஒரு மாணவி, தச்சு வேலை படிக்க வேண்டும் என்று நம்மிடம் வந்தாள். விசாரிக்கப் போன இடத்தில், "அது பையன்களுக்கு. உனக்குத் தையல் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று அவள் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள்.

பாரமான வேலையாம், பெண்ணுக்கு முடியாதாம்! மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தைச் சுமந்து மலையிறங்கி மடுவத்துக்கு வருபவள் யார்? அந்தப் பாரம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லையா? கேரளாவில் கோட்டயத்துக்குப் பக்கத்தில் ஏற்றுமானூர் அர்ச்சனா மகளிர் நிலையம் கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சம்பளப் போராட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. 1984 இல் வேலைநிறுத்தம் செய்துதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வாங்கினோம். ஆனால் இன்றும் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். கொழுந்துக்கு விலையைக் கம்பனி சொல்கிறது. கதவுக்கு விலையை அதைச் செய்தவள் சொல்வாள். வித்தியாசம் அதுதான்.

குற்றம் நம்மிடமும் உண்டு. சங்கக் கூட்டங்களில் இதை ஒருநாளாவது பேசினோமா? மகள் உளியைத் தொட்டால் பிடுங்கி வைக்கும் அப்பாமார் நம் லயங்களில்தானே இருக்கிறார்கள்?

ஆகவே நாம் கேட்பது:

தோட்டப்பகுதித் தச்சுப் பயிற்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும்.

பயிற்சி நாட்களுக்கு பஸ் காசும் நாட்கூலியும் வேண்டும். ஒரு பேர் போனால் அடுப்பு எரியாத வீடுகள் நம்முடையவை.

முடிக்கும்போது என்.வி.கியூ. சான்றிதழோடு உளி, வாள், இழைப்புளியும் கையில் தர வேண்டும்.

தோட்ட வீடுகளின் மரவேலை முதலில் இவர்களுக்கே கிடைக்க வேண்டும்.

அடுத்த மாதர் கூட்டத்துக்கு மகளையும் கூட்டி வாருங்கள். பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகளின் பெயரை அங்கேயே எழுதுவோம்.