கேட்க நீ யார்?

தெருவில் ஒருவனைப் பலர் சேர்ந்து அடிக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் நின்று நியாயம் கேட்டால், "கேட்க நீ யார்?" என்பதுதான் முதல் பதில். ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வழக்குகளிலும் இக்கேள்வி வெகுகாலம் வாசலை மறித்து நின்றது.

தென்மேற்கு ஆப்பிரிக்காவில் தென் ஆப்பிரிக்க அரசாங்கம் நடத்திய நிறவெறி ஆட்சியை எதிர்த்து, எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960-ஆம் வருஷம் ஹேக் நகரத்துச் சர்வதேச நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தன. 1966-இல் நியாயாதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தார்கள். தலைவரின் கூடுதல் வோட்டினால் தீர்ப்பாயிற்று: அவ்விரு தேசங்களுக்கும் அதில் பாத்தியதை இல்லையாம்! ஆறு வருஷ வாதத்துக்குப் பின் கிடைத்த பதில் இதுவே.

2019 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு தேசமான காம்பியா அதே வாசலில் வந்து நின்றது. பர்மா என்று நாம் அறிந்த மியான்மர், ரோஹிங்கியா மக்களை இனநாசம் செய்து 1948-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தை மீறுகிறது என்பது பிராது. 2017 ஆகஸ்டுக்குப் பின் அம்மக்களில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடியிருந்தார்கள். "உனக்கு நேர்ந்த நஷ்டம் என்ன?" என்று மியான்மர் ஆட்சேபித்தது. 2022 ஜூலை 22-இல் நியாயாதிபதிகள், ஒருவர் நீங்கலாக, அந்த ஆட்சேபத்தைத் தள்ளினார்கள். ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒவ்வொரு தேசத்துக்கும் அது காக்கப்படுவதில் அக்கறை உண்டு. ஆகவே கேட்கும் உரிமையும் உண்டு என்றார்கள்.

2024 ஜூலையில் கதவு இன்னும் சற்று அகன்றது. பிரிட்டன், பிரான்ஸ் உள்ளிட்ட ஆறு தேசங்களும், தனியே மாலத்தீவும், ஒப்பந்தத்தின் பொருளைப் பற்றித் தம் கருத்தைச் சொல்ல அனுமதி பெற்றன. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு: நியாயஸ்தலம் கூறும் பொருள் அவற்றையும் கட்டுப்படுத்தும். பிறருக்குச் சொல்லும் தர்மம் தமக்கும் பொருந்துமென்று ஒப்புக்கொண்டே உள்ளே வரவேண்டும்.

பத்திரிகையில் இவற்றை வெறும் நடைமுறைச் செய்தி என்று நாம் புரட்டிவிடுகிறோம். ரோஹிங்கியாக்களைக் காக்க வேண்டுமென்று 2020 ஜனவரியிலேயே இடைக்கால உத்தரவு பிறந்தும், அகதி முகாம்கள் காலியாகவில்லை என்பது மெய்தான். ஹேக் நியாயஸ்தலத்திடம் போலீஸும் இல்லை, பட்டாளமும் இல்லை. ஆயினும், நாடற்றவர்கள் தாமாக அங்கே வழக்காட இயலாது, ராஜ்யங்களே வழக்காடலாம். அவர்களுக்காக வேறொருவர் கேட்கலாம் என்பதாவது இன்று தீர்மானமாகியிருக்கிறது. இனி வாய்மூடி இருக்கும் தேசங்கள், "எங்களுக்குப் பாத்தியதை இல்லையே" என்று சாக்குச் சொல்ல முடியாது.