நிரல் எழுதாதவருக்கும் உரிமை உண்டு

நிரல் எழுதத் தெரியாதவருக்கு மூலநிரல் எதற்கு என்று கேட்பவர்கள் 2010-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கியது. கூடவே சன்னின் திறமூல அலுவலக மென்பொருளான ஓப்பன் ஆபிஸும் கைமாறியது. புதிய உரிமையாளரின் போக்கை நம்பாத நிரலாளர்கள் பலர் செப்டம்பரில் மூலநிரலோடு தனியே கிளம்பி, லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உரிமமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. மறு ஆண்டே ஆரக்கிள் ஓப்பன் ஆபிஸைக் கைகழுவியது. அதில் கடிதமும் கணக்கும் தட்டச்சு செய்துவந்தவர்கள் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆனாலும் அவர்களுக்கு மாற்று காத்திருந்தது; பழைய கோப்புகளும் திறந்தன.

மூடிய மென்பொருளில் இந்த வழி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியபோது, பழுதே இல்லாத ஏராளமான கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்று நின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் திறமூல இயங்குதளமான லினக்ஸ் ஓடும். (சில அச்சுப்பொறிகள் அதில் சண்டித்தனம் செய்யும் என்பதை மறைப்பானேன்!)

வீட்டில் எதைப் பயன்படுத்துவது என்பது அவரவர் விருப்பம். வரிப்பணத்தில் உருவாகும் அரசு ஆவணங்கள் அப்படியல்ல; அவை ஒரே நிறுவனத்தின் முடிவை நம்பி நிற்கக் கூடாது. 2006 முதல் ஐஎஸ்ஓ தரமாக இருக்கும் ஓடிஎஃப் என்னும் திறந்த ஆவண வடிவில் அவற்றைச் சேமிக்க அரசு உத்தரவிட வேண்டும்.