புட்டிப்பாலும் சுகாதாரத் துறையின் மௌனமும்

காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டிய தாய், ஆறு மணிக்கே நான்கு பாட்டில்களில் பால்மாவைக் கலந்து வைத்துவிட்டுச் செல்கிறார். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி. ஒவ்வொரு வேளைக்கும் வெந்நீர் வைத்து, கரண்டி அளவு பார்த்துப் புதிதாகக் கலக்க அவருக்குக் கையும் கண்ணும் ஒத்துழைப்பதில்லை. எனவே பாட்டில்கள் சமையலறை மேடையில் வரிசையாக நிற்கின்றன. கடைசி பாட்டில் குழந்தையின் வாய்க்குப் போகும்போது மாலை நான்கு மணி. பின்னலாடை ஆலைக்குச் செல்லும் பெண்கள், இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள், கடைகளில் நின்றபடி விற்பனை செய்பவர்கள் எனப் பலரது வீடுகளில் சிறு மாற்றங்களோடு இதுதான் அன்றாட நடைமுறை.

‘ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்து உடனே புகட்டுங்கள்’ என்கிறது பால்மாவு டின். சரியான அறிவுரை. ஆனால், அதைப் பின்பற்ற இயலாத வீடு என்ன செய்ய வேண்டும் என்பதை டின் சொல்வதில்லை. பல இடங்களில் மருத்துவமனையும் சொல்வதில்லை. அந்த இடைவெளியைத்தான் சமையலறை மேடையில் நிற்கும் நான்கு பாட்டில்கள் நிரப்புகின்றன.

பால்மாவு என்பது கிருமி முற்றிலும் நீக்கப்பட்ட பொருள் அன்று. படித்தவர்களிலேயே பலர் அறியாத உண்மை இது. பாலைப் பொடியாக்கும் தொழில்நுட்பத்தில் கிருமிகளை அறவே ஒழிக்க இன்றுவரை வழியில்லை. குரோனோபேக்டர் என்னும் பாக்டீரியா, உலர்ந்த மாவில் நீண்ட காலம் உயிரோடு கிடந்து, நீர் பட்டதும் பெருகத் தொடங்கும். இந்தத் தொற்று மிக அரிதானது. ஆனால், தாக்கினால் மிகக் கொடியது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். மூளை உறை அழற்சியாக முற்றினால் பத்தில் நான்கு குழந்தைகள் வரை இறக்கக்கூடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது.

2001-இல் அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு பச்சிளம் குழந்தை இந்தக் கிருமியால் இறந்தது. விசாரணை கடைசியில் பால்மாவில் போய் நின்றது. அதன் பிறகே உலகம் விழித்துக்கொண்டது எனலாம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் இணைந்து 2007-இல் பால்மாவைப் பாதுகாப்பாகக் கலப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 2022-இல் மிச்சிகன் மாகாணத்தில் அபாட் நிறுவனத்தின் ஆலை மூடப்பட்டு, அமெரிக்காவே பால்மாவுக்குத் தவித்தபோதும் பேசப்பட்டது இதே கிருமிதான்.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் நம் பார்வை ஆலையின் மீதே செல்கிறது. 2025 நவம்பரில் பைஹார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பால்மாவு அனைத்தையும் திரும்பப் பெற்றபோதும் அப்படித்தான். அங்கே சிக்கல் வேறு. பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகளை வெந்நீர் கொல்லாது; அதற்கு ஆலையும் அரசும்தான் பொறுப்பேற்க வேண்டும். ஆனால், குரோனோபேக்டர், சால்மோனெல்லா ஆகியவற்றைப் பொறுத்தவரை பாதுகாப்பின் பெரும்பகுதி சமையலறையில்தான் இருக்கிறது. டின்னைத் திறந்த பிறகு ஈரக் கரண்டி வழியாகவோ கழுவாத கை வழியாகவோ கிருமி உள்ளே புகலாம். அதற்கு எந்த ஆலைப் பரிசோதனையும் அரண் ஆகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நெறியில் மையமானது ஓர் எண்: 70 டிகிரி செல்சியஸ். கலக்கும் நீர் அந்த வெப்பத்துக்குக் குறையக் கூடாது. மாவில் இருக்கக்கூடிய கிருமியை அந்தச் சூடே கொல்கிறது. கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்ட நீர், நீரில் உள்ள கிருமியைக் கொன்றிருக்கும். மாவில் உள்ளதை ஒன்றும் செய்யாது. மாறாக, அது வளர்வதற்கு வசதியான சூட்டை அளிக்கும். ஆனால், நம் சந்தையில் உள்ள பல டின்களில் ‘கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய நீர்’ என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. அதிக சூட்டில் சில வைட்டமின்கள் குறையும், சேர்க்கப்பட்ட நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அழியும், கைக்குழந்தைக்கு வாய் சுட்டுவிடும் என்பன நிறுவனங்கள் தரப்பின் வாதங்கள். கடைசி வாதத்தில் நியாயம் உண்டு. ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே புகட்ட வேண்டும். மற்ற இரண்டையும் ஓர் உயிரோடு வைத்து எடைபோட முடியாது.

நாடுகளிடையேயும் இதில் ஒருமித்த நிலை இல்லை. பிரிட்டன் எல்லாக் குழந்தைகளுக்கும் 70 டிகிரி நீரை வலியுறுத்துகிறது. அமெரிக்கா, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மட்டும் சூடான நீரில் கலக்கும் முறையைப் பரிந்துரைக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் ஊருக்கு பிரிட்டனின் கண்டிப்பே பொருந்தும் என்பது என் கருத்து. வெப்பமானி வேண்டுமே என்று கவலைப்படத் தேவையில்லை. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, மூடியபடி அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல் கலந்தால் போதும் என்பதே பிரிட்டன் தாய்மார்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. நாம் சிறு பாத்திரத்தில் ஒரு டம்ளர் நீர்தான் வைப்போம். அது வெகு விரைவில் ஆறிவிடும். எனவே அளவைக் கூட்ட வேண்டும், அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும்.

இனி முன்கூட்டியே கலந்து வைப்பதற்கு வருவோம். அது கூடவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. உடனுக்குடன் கலப்பதே மேல் என்று கூறிவிட்டு, இயலாதோருக்கு ஒரு முறையையும் வகுத்திருக்கிறது. சுத்தமாகக் கழுவிக் கொதிநீரில் இட்டெடுத்த பாட்டில்களில், ஒரு வேளைக்கு ஒரு பாட்டில் என்ற கணக்கில் சூடான நீரில் கலக்க வேண்டும். மூடிய பாட்டில்களைக் குழாய் நீரிலோ ஐஸ் இட்ட நீரிலோ நிறுத்தி விரைவாக ஆறவைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலந்தால் அதன் நடுப்பகுதி ஆறுவதற்குள் கிருமி பெருகிவிடும். ஆறிய பாட்டில்களை 5 டிகிரிக்கு மேற்படாத குளிர்பதனப் பெட்டியில், கதவில் அன்றி உட்புறத்தில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். புகட்டும் வேளையில் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கலாம். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு சீராகச் சூடாக்காது என்பதால் அது விலக்கு. குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே இருந்த பால், இரண்டு மணி நேரத்துக்குள் தீராவிட்டால் கொட்டப்பட வேண்டும். குழந்தை வாய் வைத்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் நடைமுறையில் மிகவும் கடினமானது. பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய மாவில் கலந்த பாலைச் சாக்கடையில் ஊற்ற எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால், குளிருக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் விதியின் கண்டிப்பு விளங்கும். ஆய்வகச் சோதனைகளில் இந்தக் கிருமி 10 டிகிரியில் இரட்டிப்பாக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. 23 டிகிரியிலோ 40 நிமிடங்களே போதுமாக இருந்தன. எட்டு மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்தால் ஒன்று ஏறத்தாழ நான்காயிரம் ஆகும். மே மாதத்துச் சென்னை வீட்டின் சமையலறை 23 டிகிரியில் இருப்பதில்லை.

மேடையில் நிற்கும் பாட்டிலைவிட மோசமான வழக்கம் ஒன்றும் நம்மிடையே உண்டு. பயணத்தின்போது கலந்த பாலைச் சூடாகவே பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துச் செல்வது. குழந்தைக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறையில் செய்வதுதான். ஆனால், கிருமிக்கு அதைவிட இதமான இடம் வேறில்லை. பிளாஸ்க்கில் கொதிநீரையும், உலர்ந்த சிறு டப்பாவில் அளந்த மாவையும் தனித்தனியே எடுத்துச் சென்று அவ்வப்போது கலப்பதே முறை. அந்த நீரும் 70 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. மணிக்கணக்காக மின்சாரம் போகும் ஊர்களிலும், குளிர்பதனப் பெட்டியே இல்லாத வீடுகளிலும்கூட இந்த ஏற்பாடே பொருத்தமானது. சொல்லிக்கொடுத்தால் பாட்டிக்கும் இது எளிது.

யார் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு நிகர் எதுவும் இல்லை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பால்மாவு நிறுவனங்கள் ஏழை நாடுகளில் நடத்திய விளம்பர வேட்டையும், அதற்கு எதிராக 1977-இல் தொடங்கிய நெஸ்லே புறக்கணிப்பும், 1981-இல் உலக சுகாதார சபை நிறைவேற்றிய சந்தைப்படுத்தல் நெறிமுறையும் வரலாறு. அந்த வழியில் 1992-இல் இந்தியா இயற்றிய குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள், பாலூட்டும் புட்டிகள் தொடர்பான சட்டம் விளம்பரத்தைத் தடைசெய்தது. உலகின் கண்டிப்பான சட்டங்களுள் ஒன்று அது. அதைத் தளர்த்த வேண்டும் என்று யாரும் கோரத் தேவையில்லை.

ஆனால், அதே சட்டம் வேறொன்றையும் சொல்கிறது. பால்மாவு புகட்டும் முறையைத் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ செய்துகாட்டும் உரிமை சுகாதாரப் பணியாளருக்கு மட்டுமே உண்டு. தவறாகப் பயன்படுத்துவதன் தீங்குகளையும் அவரே தெளிவாக விளக்க வேண்டும் என்கிறது. நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியிடமிருந்து அந்தப் பணியைப் பறித்து, செவிலியரிடம் சட்டம் ஒப்படைத்திருக்கிறது. செவிலியரோ, பால்மாவைப் பற்றிப் பேசினால் அதை ஊக்குவிப்பதாகிவிடும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். விற்பவரும் பேசக் கூடாது, பேச வேண்டியவரும் பேசுவதில்லை என்றால், தாய்க்கு மிஞ்சுவது டின்னின் பொடி எழுத்தும் பக்கத்து வீட்டு யோசனையும்தான்.

இந்த மௌனத்தின் விலையை எத்தனை குடும்பங்கள் கொடுக்கின்றன? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) ஆறு மாதத்துக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 63.7 சதவீதத்தினரே தாய்ப்பால் மட்டும் அருந்துகின்றனர். எஞ்சியோர் அனைவரும் பால்மாவு குடிப்பவர்கள் அல்லர். பசும்பாலும் தண்ணீரும் பெறுவோரும் அதில் அடக்கம். ஆனாலும் அந்த மூன்றில் ஒரு பங்கினரை இல்லாதவர்களாக எண்ணிக் கொள்கை வகுக்க முடியாது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 26 வார விடுப்பு முறைசார்ந்த வேலையில் இருப்போருக்கே கிடைக்கிறது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்கள் அதற்கு வெகு முன்பே குழந்தையைப் பிறர் கையில் விட்டுச் செல்கின்றனர். அவர்களுடைய குழந்தைகள்தாம் ஆபத்து மிகுந்த அந்த முதல் மாதங்களில் இருக்கிறார்கள்.

தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுச் செல்வதும் இதே பேச்சில் சொல்லப்பட வேண்டியது. தாய்ப்பாலுக்குக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உண்டு என்பதால் 25 டிகிரி வரையிலான அறைச் சூட்டில் நான்கு மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாட்களும் தாங்கும். பால்மாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. இதைக் கேட்கும் தாய்மாரில் சிலராவது டின் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் பால்மாவு பரவிவிடும் என்ற அச்சத்துக்கு இதுவே பதில். பாட்டிலுக்குப் பதில் நம் வீடுகளில் முன்பு இருந்த பாலாடையைப் பயன்படுத்தச் சொல்வதும் நல்லது. இடுக்குகள் இல்லாததால் கழுவுவது எளிது.

இதற்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. 45-ஆம் நாள் தடுப்பூசிக்குத் தாயும் பெரும்பாலும் பாட்டியும் சேர்ந்தே வருகின்றனர். ‘எப்போது வேலைக்குத் திரும்புகிறீர்கள், பகலில் குழந்தைக்கு யார் பால் தருவார்கள்?’ என்று அங்கே கேட்கப்பட வேண்டும். தாய்ப்பாலைத் தொடர வழி இருந்தால் அதை முதலில் காட்ட வேண்டும். இல்லையெனில் வெந்நீரையும் மாவையும் வைத்து ஒருமுறை கலந்து காட்ட வேண்டும். டின்களில் நீரின் வெப்பத்தை எண்ணால் குறிப்பிடவும், கலக்கும் முறையை மாநில மொழியில் அச்சிடவும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் சட்டப்படி அமைய வேண்டிய குழந்தைகள் காப்பகங்களில் குளிர்பதனப் பெட்டி உண்டா, அதன் வெப்பநிலை என்ன என்பதையும் ஆய்வாளர்கள் தங்கள் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.